முதல் தாம்பூலம் யாருக்கு?

யுதிஷ்டிரர் நடத்திய ராஜசூய யாகத்தில், கூடியிருந்த மன்னர்களுக்குள்ளே அக்ரபூஜை எவருக்குச் செய்வது என்ற பிரச்சினை எழுந்து, பீஷ்மர் கண்ணபிரானைச் சுட்டிக் காட்டியவுடன் சிசுபாலன் எழுந்து நின்று பேசிய பேச்சில், வசைமொழிகளை மட்டுமே நாம் ஞாபகத்தில் வைத்திருக்கிறோம். ஆனால் வசைக்கு முன்னால் அவன் ஒரு வாதமும் வைத்தான். வயது முதிர்ந்தவருக்கு மரியாதை என்றால் கண்ணனின் தகப்பனார் வசுதேவர் இங்கேயே இருக்கிறாரே, ஆசாரியருக்கு என்றால் துரோணர் இல்லையா, வேள்வி நடத்தும் ரித்விக்குக்கு என்றால் வியாசர் இல்லையா, எந்த அளவுகோலைக் கொண்டு இவனைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதே அவன் கேள்வி. சிசுபாலனுடைய தலை போயிற்று, கேள்வி போகவில்லை. நம் ஊர்க் கல்யாணப் பந்தலில் முதல் தாம்பூலம் எவர் கையில் கொடுப்பது என்று ஆரம்பித்து, இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களை நம்மில் பலரும் அறிவோம். அதே கேள்வி உலகத்துச் சட்டசபைகளுக்குள்ளும் புகுந்து, சில வேளைகளில் வேடிக்கையாகவும் சில வேளைகளில் பயங்கரமாகவும் விளையாடியிருக்கிறது.

தேர்தல் முடிந்து புதிய சபை முதன்முதலாகக் கூடும் அந்த ஒரு நாழிகையை எண்ணிப் பாருங்கள். சபாநாயகர் இல்லாமல் எவரும் பேச இயலாது; எவரும் பேசாமல் சபாநாயகரைப் பிரேரேபிக்க இயலாது; பிரேரணையை வோட்டுக்கு விடவும் ஒரு சபாநாயகர் வேண்டும். விதை முந்தியா, மரம் முந்தியா என்ற கதைதான். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், எல்லாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு மனிதரை, தேர்ந்தெடுக்காமலே கண்டுபிடித்தாக வேண்டும். இதற்குப் பல தேசங்கள் கண்ட உபாயம், இருப்பவர்களில் மூத்தவரை எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பது. மூத்தவர் ஞானவான் என்பதற்காக இந்த ஏற்பாடு என்று மேடைகளில் சொல்வார்கள்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவரை எவரும் பொறுக்கி எடுக்கவில்லை, காலமே பொறுக்கி எடுத்துவிட்டது, ஆகையால் எவர்மீதும் கோபித்துக்கொள்ள இடமில்லை என்பதுதான் இதன் சூட்சுமம்.

ஆங்கிலேயரின் காமன்ஸ் சபை நெடுங்காலம் இதற்கு வேறொரு வழி வைத்திருந்தது. சபையின் தலைமைக் குமாஸ்தா எழுந்து நிற்பார். அவர் அங்கத்தினர் அல்லர் என்பதால் சபையில் வாய் திறக்கக் கூடாது. ஆகவே பிரேரேபிக்க வேண்டியவரை நோக்கி மௌனமாக விரலை நீட்டுவார். அந்த அங்கத்தினர் எழுந்து இன்னாரைப் பிரேரேபிக்கிறேன் என்பார். உடனே விரல் அடுத்தவரை நோக்கித் திரும்பும். பொய்க்கால் ஆட்டம்போல் தோன்றும் இந்தச் சடங்கு, போட்டி இல்லாத நாளில் அழகாகவே நடந்தது. 1971-ஆம் ஆண்டில் செல்வின் லாயிட் சபாநாயகராவதை ஆட்சேபித்துச் சிலர் எழுந்தபோது, விரலால் மட்டும் ஒரு சபையை நடத்த முடியாது என்பது தெளிவாயிற்று. அதன் விளைவாக, சபாநாயகர் தேர்தலுக்குத் தலைமை வகிக்கும் வேலையை, அதுவரை வெறும் கௌரவப் பட்டத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர்தான் ‘சபையின் தந்தை’.

காமன்ஸ் சபையில் இடையறாமல் அதிக காலம் அங்கத்தினராக இருப்பவர் எவரோ அவரே சபையின் தந்தை. ‘இடையறாமல்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எத்தனை பேருடைய பெருமை அடிபட்டுப் போயிருக்கிறது! வின்ஸ்டன் சர்ச்சில் முதன்முதல் சபைக்குள் நுழைந்தது 1900-ஆம் ஆண்டில். உலக யுத்தத்தை நடத்தி வென்றவர். இரண்டு முறை பிரதம மந்திரியாக இருந்தவர். ஆயினும் 1922-இல் டண்டீ தொகுதியில் தோற்று, இரண்டு வருஷம் வெளியே இருந்துவிட்டு, 1924-இல் மீண்டும் வந்தார் என்பதால், அவருடைய கணக்கு 1924-இலிருந்தே தொடங்கியது. 1922-இல் வந்து நகராமல் உட்கார்ந்திருந்த டேவிட் கிரென்ஃபெல் என்ற வேல்ஸ் தேசத்து முன்னாள் சுரங்கத் தொழிலாளி பட்டத்தை வைத்திருந்து விலகிய பிறகுதான், 1959-இல், எண்பத்து நான்கு வயதில் சர்ச்சிலுக்கு அது கிடைத்தது. சார்ல்ஸ் வில்லியர்ஸ் என்பவரோ 1835-இல் வுல்வர்ஹாம்ப்டன் தொகுதிக்கு வந்தவர், 1898-இல் தொண்ணூற்றாறாம் வயதில் மரிக்கும் வரையில், அறுபத்து மூன்று வருஷம், அதே ஊரின் பிரதிநிதியாகவே இருந்தார். சபையில் பெரிய காரியங்கள் செய்தவர்களுக்கும் சபையில் நீண்ட நாள் இருந்தவர்களுக்கும் நடுவே, இந்த விதி இரண்டாமவர்கள் பக்கமே நிற்கிறது.

ஒரே தேர்தலில் இருவர் வந்திருந்தால்? முதலில் பிரமாணம் எடுத்துக்கொண்டவர் மூத்தவர். இரட்டைப் பிள்ளைகளில் எவர் முதலில் வெளியே வந்தார் என்று மருத்துவச்சியைக் கேட்பதுபோல், சபையின் பழைய பதிவேடுகளைப் புரட்டித் தீர்க்கிறார்கள். 1970-ஆம் வருஷத்துத் தேர்தலில் ஜெரால்ட் காஃப்மன், கென்னத் கிளார்க், டெனிஸ் ஸ்கின்னர் ஆகிய மூவரும் ஒன்றாக வந்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, பிரமாணம் எடுத்த வரிசைப்படி, 2015-இல் காஃப்மன் தந்தையானார். 2017-இல் அவர் காலமானதும் கிளார்க் ஆனார். 2019-இல் கிளார்க் போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொண்டதால், ஸ்கின்னர் வென்று வந்திருந்தால் பட்டம் அவருக்கே. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த அந்தத் தொழிற்கட்சிக் கிழவர், நாற்பத்தொன்பது வருஷம் தம்மைக் கைவிடாத போல்சோவர் தொகுதியில் அந்தத் தேர்தலில்தான் தோற்றார். இன்றைய தந்தை எட்வர்ட் லீ, 1983-இல் ஜெரமி கார்பினோடு ஒரே தேர்தலில் வந்தவர். பிரமாண வரிசையில் முந்திக்கொண்டவர் என்பதைத் தவிர அவருக்கு வேறு மூப்பு இல்லை.

தந்தைக்குக் கிடைத்த அந்த ஒரு வேலையையும் பிடிவாதமாகச் செய்தால் என்ன நேரும் என்பதை 2000-ஆம் வருஷம் காட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் சபாநாயகர் பதவிக்குப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். தலைமை வகித்த முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத், பழைய முறைப்படி ஒவ்வொரு பெயராகப் பிரேரேபித்து ஒவ்வொரு முறையும் அங்கத்தினர்களைக் கூடத்துக்கு வெளியே அனுப்பித் தலை எண்ண வேண்டியதுதான் என்று நின்றார். குறுக்கு வழி கேட்டவர்களுக்கு அவர் மசியவில்லை. ஏறக்குறைய ஏழு மணி நேரம் சபை மந்தையைப் போல வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்து, கடைசியில் மைக்கேல் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருஷமே ரகசிய வாக்குச்சீட்டு முறையை விதிகளில் எழுதிக்கொண்டார்கள்.

சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரை இரண்டு அங்கத்தினர்கள் கையைப் பிடித்து இழுத்துச் சென்று ஆசனத்தில் அமர்த்துவதும், அவர் வர மனமில்லாதவர்போல் திமிறுவதும் இன்றுவரை அங்கே நடக்கிறது. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் 1394-க்கும் 1535-க்கும் இடையே அந்தப் பதவி வகித்தவர்களில் ஏழு பேருடைய தலை வெட்டுப்பாறையில் விழுந்திருக்கிறது, சர் தாமஸ் மோர் அவர்களில் ஒருவர், என்பது தெரிந்தால் அந்தத் தயக்கத்தின் பூர்வீகம் விளங்கும்.

லண்டனில் மூப்பு ஒரு மரியாதை. வாஷிங்டனிலோ அதுவே அதிகாரமாகிவிட்டது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஜோசஃப் கானன் என்ற சபாநாயகர், எந்தக் கமிட்டிக்கு எவர் என்பதைத் தம் இஷ்டப்படி நியமித்து ஏகாதிபத்தியம் செலுத்தியதைப் பொறுக்காமல் 1910-இல் அங்கத்தினர்கள் கலகம் செய்து அவர் கையிலிருந்த அதிகாரத்தைப் பறித்தார்கள். பறித்த அதிகாரத்தை எவரிடம் கொடுப்பது? இன்னொரு மனிதரிடம் கொடுத்தால் இன்னொரு கானன் முளைப்பார். ஆகவே நாள்காட்டியிடம் கொடுத்தார்கள். கமிட்டியில் அதிக காலம் இருந்தவரே அதன் தலைவர் என்ற வழக்கம் இறுகிச் சட்டம்போல் ஆயிற்று. பட்சபாதம் ஒழிந்தது என்று அன்று மகிழ்ந்திருப்பார்கள்.

ஆனால் நாள்காட்டிக்கும் ஒரு பட்சபாதம் உண்டு. எந்தத் தொகுதியில் போட்டியே இல்லையோ அந்தத் தொகுதியின் பிரதிநிதிதான் தோற்காமல் மூப்படைவார். அமெரிக்காவின் தென் ராஜ்யங்களில் நீக்ரோக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கே அண்டவிடாமல், ஒரே கட்சி கேள்விமுறையின்றி வென்றுகொண்டிருந்த காலம் அது. ஆகவே காங்கிரஸின் முக்கியமான கமிட்டிகள் பலவற்றின் தலைமை, அம்மக்களின் உரிமைக்கு ஜன்ம விரோதிகளான தென்னாட்டு முதியவர்களிடம் தானாகவே போய்ச் சேர்ந்தது. மிஸிஸிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், குடிமை உரிமை மசோதாக்கள் வந்து சேர வேண்டிய செனட் நீதிக் கமிட்டிக்கு 1956 முதல் 1978 வரை தலைவராக இருந்தார். வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித், பிரதிநிதிகள் சபையில் எந்த மசோதா எப்போது விவாதத்துக்கு வரும் என்பதை நிர்ணயிக்கும் விதிகள் கமிட்டியின் தலைவர். 1957-இல் குடிமை உரிமை மசோதா தம் வாசலுக்கு வந்ததும், பண்ணையில் கொட்டகை எரிந்துவிட்டதென்று சொல்லி ஊருக்குப் போய்விட்டார். தலைவர் இல்லாமல் கமிட்டி கூட முடியாது. கமிட்டி கூடாமல் மசோதா நகராது. கொட்டகையில் பற்றிய நெருப்பைக் காட்டிலும் மசோதாவின் மீது அவருக்கிருந்த எரிச்சலே பெரிது என்பதை வாஷிங்டனில் அறியாதார் இல்லை.

இந்தக் கோட்டையில் உடைப்பு ஏற்பட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிக்ஸன் விவகாரத்துக்குப் பின் வந்த தேர்தலில் ஏராளமாக வந்து சேர்ந்த இளைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள், ரைட் பாட்மன், எட்வர்ட் ஹெபேர், வில்லியம் போஜ் ஆகிய மூன்று முதிய தலைவர்களைத் தங்கள் கட்சிக் கூட்டத்தில் வாக்கெடுத்து நாற்காலியிலிருந்து இறக்கினார்கள். இறக்கப்பட்டவர்களுள் பாட்மன் 1929 முதல் சபையில் இருந்தவர்.

செனட்டில் மூப்புக் கணக்கு இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் இரண்டு செனட்டர்கள். அவர்களில் முன்பு வந்தவர் மூத்தவர், பின்பு வந்தவர் இளையவர். இருவரும் ஒரே நாளில் பதவியேற்றால், முன்பு செனட்டில் இருந்திருக்கிறாரா, பிரதிநிதிகள் சபையில் இருந்திருக்கிறாரா, கவர்னராக இருந்திருக்கிறாரா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். எதிலும் தீராவிட்டால் கடைசிக் கட்டமாகப் பெயரின் அகரவரிசை. 2021 ஜனவரியில் ஜார்ஜியாவிலிருந்து வந்த ஜான் ஆஸாஃப், ரஃபேல் வார்னாக் ஆகிய இருவரில் முப்பத்து மூன்று வயது ஆஸாஃப் மூத்த செனட்டர், அவருக்குப் பதினேழு வயது பெரியவரான வார்னாக் இளைய செனட்டர் ஆனது, அவர்களுடைய குடும்பப் பெயர்களின் முதலெழுத்து ஆங்கில அரிச்சுவடியில் நிற்கும் இடத்தினால்தான். தென் கரோலினாவின் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் கதை இதைவிட ரஸமானது. 1966-இல் செனட்டுக்கு வந்தார். ஆனால் அதே ராஜ்யத்தின் மற்றோர் ஆசனத்தில் ஸ்ட்ராம் தர்மண்ட் முன்பே உட்கார்ந்திருந்தார். தர்மண்ட் எழுந்திருப்பதாக இல்லை. ஐந்து வருஷம், பத்து வருஷம், இருபது வருஷம் கழிந்தன. தலை நரைத்து, செனட்டின் மிகப் பழைய அங்கத்தினர்களில் ஒருவராகிவிட்ட பிறகும் ஹாலிங்ஸ் ‘இளைய செனட்டர்’தான். தர்மண்ட் தம்முடைய நூறாவது பிறந்தநாளைப் பதவியிலேயே கொண்டாடிவிட்டு, 2003 ஜனவரியில் ஓய்வு பெற்றார். முப்பத்தாறு வருஷம் கழித்து, எண்பத்தொன்றாவது வயதில், ஹாலிங்ஸ் மூத்த செனட்டர் ஆனார். இளவரசுப் பட்டத்தோடு கிழவராகிப்போன ராஜகுமாரர்கள் நம் சரித்திரத்திலும் இருக்கிறார்கள்.

அந்தத் தர்மண்டுக்குத் தொண்ணூற்றெட்டு வயதான காலத்தில், பெரும்பான்மைக் கட்சியின் மூத்த செனட்டர் என்ற ஒரே காரணத்தால், செனட்டின் தற்காலிக அக்கிராசனர் பதவி அவரிடம் இருந்தது. 1947-ஆம் வருஷச் சட்டப்படி அது அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு வாரிசு வரிசையில் மூன்றாவது படி.

இனி ஜெர்மனிக்கு வருவோம். நான் முதலில் பயங்கரம் என்றது இதை உத்தேசித்தே. புதிய சபையின் முதல் கூட்டத்தை வயதில் மூத்த அங்கத்தினர் தலைமை வகித்துத் தொடங்கிவைப்பது ஜெர்மன் பார்லிமெண்டின் பழைய சம்பிரதாயம். 1932 ஜூலைத் தேர்தலில் ஹிட்லரின் கட்சி 230 ஆசனங்களைப் பிடித்து முதல் பெரிய கட்சியாயிற்று. ஆகஸ்டு 30-ஆம் தேதி ரைக்ஸ்டாக் கூடியபோது, பழுப்புச் சீருடையில் வந்திருந்த அந்தக் கூட்டத்துக்கு எதிரே, மூப்பு விதியின்படி மேடையேற வேண்டியவர், எழுபத்தைந்து வயதுக் கம்யூனிஸ்டு, பெண் விடுதலைக்குப் போராடிய கிளாரா ஜெட்கின். உடல் நலிந்து, கண் பார்வை ஏறக்குறைய அற்றுப் போய், சோவியத் ரஷ்யாவிலிருந்து அதற்காகவே வந்திருந்தார். இரு புறமும் தாங்கிப் பிடித்துத்தான் மேடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்து, பாசிஸத்தை எதிர்த்து உழைப்பாளிகள் யாவரும் ஒன்றுபட வேண்டும் என்று நெடுநேரம் பேசினார். பிறகு விதிப்படி சபையின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தை நடத்தினார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஹெர்மன் கோரிங்கிடம் ஆசனத்தை ஒப்படைத்துவிட்டு இறங்கினார். அந்த வருஷ டிசம்பரில் சபை மறுபடி கூடியபோது, நாஜிகள் தம் அணியில் எண்பத்திரண்டு வயதான ஜெனரல் கார்ல் லிட்ஸ்மனைக் கொண்டுவந்திருந்தார்கள். மூப்பு அவர்கள் பக்கம் போயிற்று. அடுத்த ஜூன் மாதம் ஜெட்கின் அம்மையார் மாஸ்கோவுக்கு அருகில் காலமானார்.

அதற்குப் பின்னும் இந்தச் சம்பிரதாயத்தை ஜெர்மானியர் விடவில்லை. 1994-இல் மூத்தவர், நாஜிகளுக்குத் தப்பி ஓடி அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து திரும்பிய யூத எழுத்தாளர் ஸ்டெஃபான் ஹைம். ஆனால் பழைய கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்டுக் கட்சியிலிருந்து கிளைத்த கட்சியின் சார்பில் வந்தவர். அவர் பேசி முடித்தபோது ஆளும் கட்சியினர் ஏறக்குறைய அனைவரும் கை தட்டாமல் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். 2017-இல் தீவிர வலதுசாரிக் கட்சி ஒன்றின் முதியவர் ஒருவர் முதல் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கக்கூடும் என்று தோன்றியதும், தேர்தலுக்கு முன்பே விதியை மாற்றி, வயதில் மூத்தவர் என்பதை எடுத்துவிட்டு, பதவிக் காலத்தில் மூத்தவர் என்று எழுதிக்கொண்டார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது என்றே கொண்டாலும், காலம் பொறுக்கி எடுத்தவரை மனிதர் தள்ளிவைக்கத் தொடங்கியபின் அந்த விதியின் சூட்சுமம் பாதி போய்விடுகிறது. காலம் தன் பங்குக்குச் சிரிக்கவும் செய்தது: 2025 மார்ச்சில் புதிய விதிப்படி சபையைத் தொடங்கிவைத்தவர் கிரெகோர் கீஸி, ஹைமுக்கு ஆசனம் கொடுத்த அந்தப் பழைய கட்சியின் தலைவராயிருந்தவர்.

நம் தேசத்து அரசியல் சட்டத்தில் மூத்தவர் என்ற பேச்சே இல்லை. சபாநாயகரும் உப சபாநாயகரும் இல்லாத வேளையில், ஜனாதிபதி நியமிக்கும் அங்கத்தினர் அந்த வேலையைப் பார்க்கலாம் என்று 95-ஆம் ஷரத்து சொல்கிறது; ராஜ்யச் சட்டசபைகளுக்குக் கவர்னர் நியமிக்கலாம் என்று 180-ஆம் ஷரத்து. மூத்தவரை நியமிப்பது வழக்கம் மட்டுமே. பதினொரு முறை லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திரஜித் குப்தா பல முறை தற்காலிக சபாநாயகராக உட்கார்ந்து புதியவர்களுக்குப் பிரமாணம் செய்வித்தபோது எவருக்கும் கேள்வி எழவில்லை. 2018 மே மாதம் கர்நாடகத்தில் பெரும்பான்மை எவருக்கு என்று தெரியாமல் சபை கூடிய நாளில், எட்டு முறை வென்ற ஆர். வி. தேஷ்பாண்டேயைத் தாண்டி கே. ஜி. போபய்யாவைக் கவர்னர் நியமித்தபோது, விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிற்று. கோர்ட்டார் நியமனத்தில் தலையிடாமல், நடவடிக்கைகள் யாவும் தொலைக்காட்சியில் நேராகத் தெரியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாக்கெடுப்புக்கு முன்பே முதல் மந்திரி எடியூரப்பா ராஜினாமா செய்தார்.

2024 ஜூனில் லோக்சபையில் எழுந்த தகராறு சர்ச்சிலின் தகராறேதான். எட்டு முறை வென்றவர் கேரளத்தின் கொடிக்குன்னில் சுரேஷ். ஆனால் நடுவில் இரண்டு தேர்தல்களில் தோற்றவர். ஏழு முறை வென்றவர் ஒடிசாவின் பர்த்ருஹரி மஹதாப். 1998 முதல் இடையறாமல் வென்றவர். மொத்தக் கணக்கா, இடையறாத கணக்கா? அரசாங்கம் இரண்டாவதை எடுத்துக்கொண்டு மஹதாபை நியமித்தது. எதிர்க்கட்சியினர் முதலாவதைச் சொல்லி ஆட்சேபித்தார்கள். பிரமாணம் செய்விக்க மஹதாபுக்கு உதவியாகச் சுரேஷையும் நம் டி. ஆர். பாலுவையும் நியமித்திருந்தும், அவர்கள் அந்த நாற்காலிப் பக்கம் போகவில்லை. இந்தியாவில் எழுதப்படாத விதிக்கு இரண்டு உரைகளும் பொருந்தும் என்பதால், இரு தரப்பாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்லில் எழுதி வைத்த விதியும் நம்மிடம் இருந்தது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கி. பி. 921-ஐச் சேர்ந்தது, வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை விவரிக்கிறது. முப்பத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவரும் எழுபதுக்கு மேற்பட்டவரும் கூடாது. முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயருக்கு ஓலையே கிடையாது. வாஷிங்டன் முதியவர்கள் எவரும் அந்தக் குடத்துக்குள் நுழைந்திருக்க முடியாது. ஆனாலும் அங்கேயும் மூத்தவருக்கு ஒரு வேலை இருந்தது. சபை கூடியபின், அங்கிருக்கும் நம்பிமார் எனப்படும் கோயில் பூசகர்களில் வயது முதிர்ந்தவர் எழுந்து, குடத்தை எல்லாரும் காணும்படி உயரத் தூக்கி, மேலே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்கும், உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். குடத்தை இறக்கி வைத்தபின் கிழவரைப் பற்றிக் கல்வெட்டு வேறொன்றும் சொல்லவில்லை.